கீழே ஆள்

ஜெபின் விட்ட குத்தில் பிர்ஜுவின் கீழுதடு கிழிந்து பல் தெரிந்தது. கையிலிருந்த டீ கிளாஸ் பிளாரன்ஸ் கடை வாசலில் விழுந்து உடைந்தது. இரண்டாவது குத்துக்கு ஜெபின் கையை ஓங்கியபோது, லிங்கராஜ் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டித் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினான்.

"விடுங்க அண்ணாச்சி. இன்னிக்கு இவன் வாயக் கிழிச்சு உப்பு வைக்காம விடமாட்டேன்."

"கிழிஞ்சாச்சுலே. நல்லாப் பாரு, கிழிஞ்சுதான் கெடக்கு. போதும்."

"சண்ட போடுததுன்னா குடிச்சு முடிச்சிட்டுப் போடுங்கலே," என்றாள் பிளாரன்ஸ், விளக்குமாற்றோடு வந்து. "இந்த மாசத்துல இது ஏழாவது கிளாஸு."

பதினோரு மணி வெயில். துறைமுகத்துக்குப் போகும் பைபாஸில், ஒரு தனியார் கன்டெய்னர் யார்டின் வாசலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு டிரெய்லர்கள் நின்றன. இரண்டு பக்கமும் உப்பளம். மரம் கிடையாது. நிழல் என்றால் பிளாரன்ஸ் கடையின் தகரக் கூரையும், நிற்கிற வண்டிகளின் அடிவயிறும்தான்.

பிர்ஜு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தான். போகிற போக்கில் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னான். ஜெபின் மறுபடி பாய்ந்தான். லிங்கராஜ் மறுபடி பிடித்தான்.

லிங்கராஜுக்கு நாற்பத்தாறு வயது. உடன்குடிக்காரன். இருபத்திரண்டு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறான். 'முத்துநகர் டிரெய்லர் வரிசை' என்ற வாட்ஸாப் குழுவை ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தவன் அவன்தான். வந்து சேர்ந்த வண்டி தன் கடைசி நாலு எண்ணைக் குழுவில் போட வேண்டும். அதுதான் அதன் இடம். அதற்கு முன்பு வரிசைக்காக மண்டை உடையாத வாரம் கிடையாது.

குழுவோடு இன்னொரு பழக்கமும் வந்தது. வரிசை மணிக்கு ஒருமுறை நாலைந்து வண்டி நீளம் நகரும். சாப்பிடப் போனவனும் ஒதுங்கப் போனவனும் அதற்காக ஓடிவர வேண்டியதில்லை. சாவியைக் கேபினில் விட்டுப் போவான். பின்னால் நிற்கிறவன் ஏறி நகர்த்திவிடுவான். கேபின் அடுப்பாகக் கொதிப்பதால், தூங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் சேசிஸ் சட்டத்தில் தார்ப்பாய்த் தொட்டில் கட்டித் தூங்குவார்கள். அப்படி யாராவது தூங்கினால் வண்டி எண்ணைப் போட்டு 'கீழே ஆள்' என்று குழுவில் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியை எவனும் தொடமாட்டான். ஆரம்பத்தில் கேபினில் ஏறுவதற்கு முன் குனிந்து பார்ப்பார்கள். இப்போது போனைப் பார்ப்பார்கள்.

குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் வடக்கத்திக்காரர்கள் பதினாலு பேர். ஜார்க்கண்டிலிருந்து வந்த பிர்ஜு அவர்களில் ஒருவன். மூன்று வருஷமாக இங்கே ஓட்டுகிறான். அக்கா புருஷன் ராம்சேவக் கூடவே மாற்று டிரைவராக வருவான். ஐம்பது வயது, வாயைத் திறக்காத மனுஷன். பிர்ஜு அதற்கு நேர்மாறு. டீக்கடையில் நின்றே தமிழ் கற்றுக்கொண்டவன். "நாலு நாலு ஏழு ஒண்ணு, கீழே ஆள் அண்ணா, கீழே ஆள்" என்று அவன் இழுத்துச் சொல்லும் குரல் பதிவைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது அந்தச் சிரிப்பில் விஷம் கிடையாது.

அதில் விஷம் கலந்தவன் உள்ளூர் டிரைவர் ஜெபின். "அக்கா, டீ பெரிசு, சீனி சின்னது" என்று பிர்ஜு பிளாரன்ஸிடம் கேட்டதை ஒளிந்து எடுத்து, பின்னால் கழுதை கத்துவதைச் சேர்த்து ரீல்ஸாகப் போட்டான். தொண்ணூறாயிரம் பேர் பார்த்தார்கள். பிர்ஜுவின் ஊரிலும் பார்த்தார்கள். பதிலுக்குப் பிர்ஜு, ஜெபின் லுங்கி விலகி வாய் பிளந்து தொட்டிலில் தூங்குவதை எடுத்து, 'இதுதான் துறைமுகத்துச் சிங்கம்' என்று இந்தியில் பேசிப் போட்டான். அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். ஜெபினின் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில், சோறு தின்கிற நேரத்தில் அந்த ரீல்ஸோடு போன் கைமாறிக் கைமாறிப் போனது. இரண்டு ரீல்ஸுக்கும் கீழே வடக்கன், மதராசி என்று பத்து நாளாக வெட்டிக்கொண்டார்கள். ஒருத்தன் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தணும் என்றான். இன்னொருத்தன் நாக்கை அறுக்கணும் என்றான். அப்படி எழுதியவர்களில் பாதிப்பேர் தூத்துக்குடி பக்கம் வந்ததே இல்லை.

அந்தக் கழுதைக் கத்தலுக்குப் பிறகு பிர்ஜு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டான். குழுவில் எதைச் சொன்னாலும் இந்தியில் குரல் பதிவாகவே போட்டான். அது இன்னும் பலபேருக்கு எரிந்தது. இன்று டீக்கடையில் ஜெபின், "இங்கன நின்னுக்கிட்டு டீ கேட்டா தமிழ்ல கேளுலே," என்றான். பிர்ஜு இந்தியில் கேட்டான். குத்து விழுந்தது.

"அவனக் குழுவ விட்டுத் தூக்குங்க அண்ணாச்சி," என்றான் ஜெபின். கடையின் பெஞ்சில் உட்கார்ந்து வீங்கிய முட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அவன் வண்டியும் வரிசையிலதாம்ல நிக்கி. குழுவுல இல்லன்னா எப்படி?"

"எப்படியோ போறான். உங்களுக்கு என்ன அவன்மேல அப்படி ஒரு இது?"

"எனக்கு ஒரு இதுவும் இல்ல. வரிசை வரிசையா இருக்கணும். அம்புட்டுதான்."

ஜெபின் குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, மகாராஷ்டிராவுல ஒரு டோல்கேட். இந்தியில என்னமோ கேட்டானுவ. எனக்கு வெளங்கல. நாலு பேரு சேந்து முட்டி போட வச்சி கன்னத்துல மாறி மாறி விட்டானுவ. அடிக்கு ஒரு இந்தி வார்த்த. ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லி அடிச்சானுவ. அழுதுக்கிட்டே சொன்னேன். அத வீடியோ எடுத்துப் போட்டான். ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் கெடக்கு. அப்ப எனக்கு எவன் வந்தான்?"

லிங்கராஜ் அந்த வீடியோவைப் பார்த்திருந்தான். பார்த்ததை ஜெபினிடம் சொன்னதில்லை.

ஜெபின் குழுவில் வாக்கெடுப்புப் போட்டான். இந்திக்காரனுங்க குழுவுல வேணுமா, வேண்டாமா? கால்மணி நேரத்தில் வேண்டாம் நூற்று எண்பத்தெட்டு. வேணும் ஒன்பது. அந்த ஒன்பதில் லிங்கராஜ் இல்லை. அட்மினுக்கு எதுக்கு ஓட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. செந்தூர்பாண்டி என்ற டிரைவர் குரல் போட்டிருந்தான்: "அண்ணாச்சி, நீரு அட்மினா, அவன் மச்சானா? பன்னெண்டு மணிக்குள்ள தூக்கலன்னா நாங்க இருநூறு பேரும் வேற குழு ஆரம்பிக்கோம். அப்புறம் உம்ம வரிசைய நீரே வச்சிக் கும்பிட்டுக்கிடும்."

வேறு குழு என்றால் இரண்டு வரிசை. இரண்டு வரிசை என்றால் வாசலில் கடப்பாரை. லிங்கராஜ் அதைப் பழைய காலத்திலேயே பார்த்தவன். இடது காதுக்கு மேலே ஒன்பது தையல் போட்ட தழும்பு இருக்கிறது. ஒருத்தனைத் தள்ளிவிட்டால் மற்ற பதின்மூன்று பேரையும் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"பிர்ஜுவ மட்டும் எடுக்கேன். மத்தவனுவளத் தொடப்படாது."

"சரி. அவன் இன்னிக்குப் போட்டதையும் அழிங்க. இந்தியில கெட்ட வார்த்த பேசித்தான் போட்டிருப்பான். அது கெடக்கப்படாது."

குத்து விழுந்த பிறகு பிர்ஜு மூன்று குரல் பதிவுகள் போட்டிருந்தான். முதலாவதைக் குழுவில் கேட்டவர்கள் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபினின் அம்மாவை இழுத்திருந்தான். இரண்டாவதும் அதே. மூன்றாவது பதினோரு நொடி. அதை யாரும் திறக்கவில்லை. லிங்கராஜுக்கு ரோட்டில் பிழைக்கிற அளவு இந்தி புரியும். ஆனால் ஜெபின் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தான். போட்டுக் கேட்டால் மறுபடி எழுந்திருப்பான். லிங்கராஜ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எல்லோருக்கும் அழித்தான். பிறகு பிர்ஜுவை நீக்கினான். குழுவில் கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

மூன்றாவது பதிவில் பிர்ஜு கிழிந்த வாயோடு சொல்லியிருந்தது இதுதான்: நாலு நாலு ஏழு ஒன்று, நான் உதட்டுக்குத் தையல் போடப் போகிறேன், அத்தான் கீழே தூங்குகிறார், வண்டியைத் தொடாதீர்கள்.

பன்னிரண்டே காலுக்கு வரிசை நகர்ந்தது. பிர்ஜுவின் வண்டிக்குப் பின்வண்டி லிங்கராஜுடையது. முன்னால் ஐந்து வண்டி இடம் காலியானது. நாலு நாலு ஏழு ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருத்தன், "சுத்திக்கிட்டுப் போங்கலே, அவன் கெடக்கட்டும்," என்று கத்தினான். யாராவது முந்தினால் பிர்ஜு அரைநாளை இழப்பான். குழுவை விட்டு எடுத்தாச்சு, இடத்தையாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று லிங்கராஜ் இறங்கி நடந்தான்.

ஏணிப்படியில் கால் வைப்பதற்கு முன் போனைப் பார்த்தான். நாலு நாலு ஏழு ஒன்றுக்கு 'கீழே ஆள்' இல்லை. ஏறினான். சாவி இருந்தது. பிரேக்கில் காற்று அழுத்தம் இறங்காமல் இருந்ததால் வண்டி உடனே எடுத்தது.

தொட்டிலிலேயே கிடந்திருந்தால் ராம்சேவக் வண்டியோடு சேர்ந்து பத்திரமாக நகர்ந்திருப்பான். வண்டி குலுங்கியதில் விழித்தவன் கீழே இறங்கினான்.

கல்லில் ஏறியது போலப் பின்சக்கரம் தூக்கியது. பிளாரன்ஸ் கடையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. லிங்கராஜ் பிரேக்கை மிதித்தான். அதுதான் இன்னும் கேடாகப் போயிற்று. முதல் சக்கரம் தாண்டிவிட்டிருந்தது. இரண்டாவது சக்கரம் அவன் தொடைகளின்மேல் நின்றது.

லிங்கராஜ் இறங்கிப் பார்த்தான். ராம்சேவக் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே துணி எது, தோல் எது என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கைகள் மட்டும் டயரைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"ஜாக்கி கொண்டாங்கலே!"

"லோடு வண்டி அண்ணாச்சி. ஜாக்கி போட்டுத் தூக்க அரைமணி ஆவும். அதுக்குள்ள செத்துருவான்." சொன்னது ஜெபின். எப்போது ஓடிவந்தானோ, தரையில் படுத்து ராம்சேவக்கின் இரண்டு தோளையும் அணைத்துப் பிடித்திருந்தான். "முன்னால எடுங்க. ஒரு முழம் எடுத்தாப் போதும். நான் இழுத்துருதேன்."

"இன்னொரு தடவ ஏறுமேலே."

"ஏறத்தான் செய்யும். எடுங்க!"

லிங்கராஜ் கேபினுக்கு ஏறினான். கியரைப் போட்டான். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அப்போதுதான் ராம்சேவக் கத்தினான். அந்தச் சத்தம் எஞ்சினை மீறிக் கேட்டது. ஜெபின் இழுத்தான். கால்கள் கூடவே முழுதாக வரவில்லை.

துண்டுகளால் தொடையை இறுக்கிக் கட்டினார்கள். ஆம்புலன்ஸ் பதினெட்டு நிமிஷத்தில் வந்து எடுத்துப் போனது. ஜெபின் சட்டை முழுக்க ரத்தத்தோடு ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

"கீழே ஆள்னு அவன் சொல்லலயே," என்றான். "சொல்லணும்லா? சொல்லாமப் போனா நம்ம என்ன செய்ய?"

லிங்கராஜ் போனை எடுத்தான். 'இந்தச் செய்தியை அட்மின் நீக்கிவிட்டார்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிகள் இருந்தன. குரல் பதிவுகள் போனுக்குள் தனியாகச் சேமிப்பாகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கோப்புகளுக்குள் போய்த் தேடினான். பதினோரு நொடிப் பதிவு இருந்தது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டான். முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டான்.

அந்த நேரத்தில் பிர்ஜு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினான். உதட்டில் நாலு தையல். தன் வண்டி இடம் மாறி நிற்பதைப் பார்த்தான். தார்ப்பாய்த் தொட்டில் ஒரு பக்கம் அறுந்து தொங்குவதைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். பிறகு போனை எடுத்துப் பார்த்தான். குழுவில் அவன் இல்லை. அவன் சொன்னதும் இல்லை. நீக்கியவன் பெயர் மட்டும் இருந்தது.

கேபினிலிருந்து வீல் ஸ்பேனரை உருவிக்கொண்டு நேராக லிங்கராஜிடம் வந்தான். முதல் அடி தலைக்கு வந்தது. லிங்கராஜ் கையை உயர்த்தியதால் முன்கை எலும்பு ஒடிந்தது. இரண்டாவது விலாவில் விழுந்தது. லிங்கராஜ் உட்கார்ந்தான். மூன்றாவதற்குள் நாலைந்து பேர் பிர்ஜுமேல் விழுந்தார்கள். வடக்கத்தி டிரைவர்கள் ஆறேழு பேர் பின்னாலிருந்து ஓடிவந்தார்கள். கடப்பாரைகள் கேபின்களிலிருந்து இறங்கின.

ஜெபின் ரத்தக் கையோடு போனைத் தூக்கிப் பிடித்து நேரலை போட்டான். "மக்கா, பாருங்க! பைபாஸ் யார்டு முன்னால வடக்கன் நம்ம அண்ணாச்சிய அடிச்சே கொல்லுதான்! தூத்துக்குடியில எவனாவது ஆம்பள இருந்தா வாங்கலே! இப்பவே வாங்க!"

"ஏலே, நிறுத்து," என்றான் லிங்கராஜ். ஒடிந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து வந்து போனுக்கு முன்னால் நின்றான். "நல்லாக் கேளுங்க. கீழே ஆள்னு அவன் சொன்னான். நான்தான் கேக்காம அழிச்சேன். நான்தான் வண்டிய எடுத்தேன். அவன்மேல தப்பு இல்ல. எவனும் இங்கன வராதீங்க."

ஜெபினின் முகம் மாறியது. "என்ன சொல்லுதீங்க? எத அழிச்சீங்க?"

"நீ அழிக்கச் சொன்னதத்தான்."

ஜெபின் நேரலையை அணைத்தான். ஓங்கிய கடப்பாரைகள் தாழ்ந்தன. ஆனால் அதன் முதல் இருபது நொடியை யாரோ வெட்டி எடுத்து வேறு குழுக்களில் போட்டுவிட்டார்கள். கால்மணி நேரத்தில் முப்பது பைக்குகள் வந்தன. வந்தவர்களில் ஒருத்தனும் டிரைவர் இல்லை. ஒருத்தனுக்கும் லிங்கராஜ் யாரென்று தெரியாது. கிரிக்கெட் ஸ்டம்பு, இரும்புக் குழாய், ஒருத்தன் கையில் மீன் வெட்டுகிற கத்தி.

"எவம்லே அந்த வடக்கன்?"

"யாரும் இல்ல. போங்க. எல்லாம் பேசியாச்சு," என்றான் ஜெபின், கையை விரித்துக்கொண்டு.

"நீ யாருலே சொல்லுததுக்கு?"

"நான்தாம்ல லைவ் போட்டேன்!"

"அப்ப வழிய விடு."

குழாய் ஜெபினின் முட்டியில் இறங்கியது. பிர்ஜுவைத் தையல் காட்டிக் கொடுத்தது. டீக்கடையில் வடக்கன் ஒருத்தனின் உதடு கிழிந்த கதை அந்தக் குழுக்களிலும் ஏற்கனவே பரவியிருந்தது. அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். மிதித்தவர்களில் இரண்டு பேர் ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டே மிதித்தார்கள். லிங்கராஜ் ஒடிந்த கையோடு பிர்ஜுமேல் குப்புற விழுந்தான். "இவன எடுங்கலே" என்று யாரோ அவன் காலைப் பிடித்து இழுத்தான். அவன் நல்ல கையால் பிர்ஜுவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். ஸ்டம்பு முதுகில் விழுந்தது. "தமிழனாலே நீ?" என்று கேட்டுக் கேட்டு ஒருத்தன் அடித்தான். பிளாரன்ஸ் அடுப்பிலிருந்த கொதிக்கிற பாலைச் சட்டியோடு தூக்கிவந்து கூட்டத்தின்மேல் ஊற்றினாள். அதில்தான் வட்டம் கலைந்தது. போலீஸ் ஜீப் அதற்குப் பிறகு வந்தது.

ராம்சேவக் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போயிருந்தான்.

சாயந்திரம் நாலரை மணி. அரசு ஆஸ்பத்திரி வார்டில் லிங்கராஜும் பிர்ஜுவும் நாலு கட்டில் தள்ளிக் கிடந்தார்கள். ஸ்டேஷன் எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு லிங்கராஜின் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். ஜெபின் முட்டியில் கட்டோடு நொண்டி வந்து கட்டிலின் மறுபக்கம் குனிந்தான்.

"அண்ணாச்சி, அவன் சொல்லவே இல்லன்னு சொல்லிருங்க. போன்ல கெடக்க அந்தப் பதிவையும் அழிச்சிருங்க. லைவ்ல பேசுனது அடிபட்ட மயக்கத்துல உளறுனதுன்னா விட்டுருவாங்க. உங்களுக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. லைசென்ஸு போயிரும். ஜெயிலு அண்ணாச்சி."

"நீ போய் ஒன் கட்டில்ல படு."

"எனக்காவச் சொல்லமாட்டீங்களா? நான்தான் அழிக்கச் சொன்னேன்னு வந்துரும்லா?"

"வரட்டும்."

லிங்கராஜ் எழுத்தரிடம் போனை நீட்டினான். பதினோரு நொடியையும் போட்டுக் காட்டினான். கிழிந்த வாயிலிருந்து வந்த இந்தி, வார்டு முழுக்கக் கேட்டது.

பிர்ஜு அந்தக் குரலைக் கேட்டு எழுந்தான். தலையில் கட்டு, ஒரு கண் மூடியிருந்தது. கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தான். குளுக்கோஸ் மாட்டியிருந்த இரும்புக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நாலு கட்டிலையும் தாண்டி வந்தான். எழுத்தர் நாற்காலியோடு சாய்ந்தார். கம்பம் லிங்கராஜின் தோளில் ஒரு தடவையும் நெற்றியில் ஒரு தடவையும் இறங்கியது. லிங்கராஜ் கையைத் தூக்கவில்லை. வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓடிவந்து பிர்ஜுவைக் கழுத்தோடு சேர்த்து இழுத்துப் போனார்கள். அவன் இந்தியில் கத்திக்கொண்டே போனான். இந்த முறை லிங்கராஜ் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். ராம்சேவக்கின் மூன்று பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன.

எழுத்தர் பேனாவைத் தேடி எடுத்தார். நெற்றி ரத்தம் லிங்கராஜின் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"போலீஸ் முன்னாலயே அடிக்கான். எவ்வளவு திமிரு பாத்தீங்களா? இதுக்கும் தனியா ஒரு கேஸ் எழுதிருவமா?"

"வேண்டாம் சார்," என்றான் லிங்கராஜ். "மூணாவது பதிவக் கேக்காம அழிச்சேன்ங்கிற எடத்துல நிக்கீங்க. அதுலருந்து எழுதுங்க."